கறுப்புக் கல்லும் ஆனந்த குமாரசாமியும்

தோட்டத்துத் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து நடந்தவர்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விளக்கில் கண்ணைக் கூசும் வெள்ளை வெளிச்சத்தைத் தந்தது மேண்டில் என்ற சிறிய வலைப்பை. அன்றைய மேண்டில்களில் ஏற்றியிருந்த தோரியம் ஆக்சைடு, சூடேறியதும் அப்படி ஒளிர்ந்தது. அந்தத் தோரியம் நிறைந்த ஒரு கறுப்புக் கல் உலகுக்குத் தெரிய வந்ததில், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் வந்த ஒருவருக்குப் பங்குண்டு. நடராசர் திருவுருவத்தின் பொருளை மேல்நாட்டுக்கு விளக்கியவர் என்று நாம் அறிந்த ஆனந்த குமாரசாமிதான் அவர்.

1877 ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசாமி, தாய் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்மணி. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அத்தை மகன்கள். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தையை இழந்து, இங்கிலாந்திலேயே வளர்ந்தார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் படித்து 1900இல் பட்டம் பெற்றார்.

1902இல் மனைவி எத்தலுடன் இலங்கை திரும்பினார். அந்த ஆண்டே கண்டிப் பக்கம் கங்காபிட்டியவில் சுண்ணாம்புப் பாறையை ஒட்டி நீலநிறத் துணுக்குகளைக் கண்டார். பார்த்தவுடன் விலை கேட்கத் தோன்றும் கல் அல்ல அது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பிரையருடன் சேர்ந்து ஆராய்ந்தபோது, அதுவரை யாரும் பதிவு செய்யாத கனிமம் என்று தெரிந்தது. இலங்கையின் பழைய அரபுப் பெயரான செரந்தீப்பை வைத்து செரண்டிபைட் என்று பெயரிட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு பட்டை தீட்டத்தக்க தரத்தில் இலங்கையிலும் மியன்மாரின் மோகோக்கிலும் கிடைத்தது. இன்று மிக அரிய இரத்தினங்களின் வரிசையில் அதற்கும் இடமுண்டு.

1903இல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநரானார். வயது இருபத்தைந்துதான். மறு ஆண்டு, பலாங்கொடைப் பகுதி இரத்தினச் சரளையில் கிடைத்த கறுப்புக் கற்கள் அவர் பார்வைக்கு வந்தன. நம் ஈயக்குட்டைகளில் டூலாங் தட்டை வைத்து ஈயம் கழுவியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை எளிதில் புரியும். கூடையைத் தண்ணீரில் சுழற்றினால் மண் போய்விடும், கனமான கற்கள் அடியில் தங்கும். நீலக்கல் தண்ணீரைப் போல நான்கு மடங்கு கனம். இந்தக் கறுப்புக் கல்லோ ஒன்பது மடங்கு. ஆனால் நீலமும் மாணிக்கமும் தேடுகிறவருக்குக் கறுப்புக் கல்லால் என்ன பயன்?

குமாரசாமி அதை ஒதுக்கவில்லை. கறுப்பு நிறம், கனசதுர வடிவம், கையில் ஏறும் கனம் மூன்றையும் பார்த்து யுரேனினைட் என்று கணித்தார். அந்தக் கணிப்பு தவறு. லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ முக்கால் பங்கு தோரியம் ஆக்சைடாக இருந்தது. அதுவும் புதிய கனிமமே. தோரியனைட் என்ற பெயர் அதற்கு வந்தது. தேர்ந்த நிலவியலாளரின் கண்ணையே ஏமாற்றிய கல் அது. ஆற்றோரத்தில் பொறுக்கிய கல்லை நிறத்தை மட்டும் பார்த்து இன்னதென்று சொல்லிவிடும் நம் ஆட்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. (கதிரியக்கம் உள்ள கல் என்பதால் தோரியனைட் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் சமாச்சாரமும் இல்லை.)

இலங்கையின் அந்தத் தோரியனைட் லண்டனில் ஓட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானியரின் கைக்குப் போனது. 1905இல் அதிலிருந்து அவர் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். அணுப்பிளவுக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே ஹான். தோரியம் நமக்கும் அந்நியமல்ல. ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் அமாங் மணலில் உள்ள மோனசைட்டிலும் அது இருக்கிறது.

1906இல் லண்டன் பல்கலைக்கழகம் குமாரசாமிக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. அதே ஆண்டோடு கனிமத் துறையை விட்டு விலகினார். கல் தேடிக் கிராமம் கிராமமாகப் போனபோது, கண்டிப் பகுதியின் கைவினைஞர்கள் பிழைப்பின்றி நலிவதை நேரில் பார்த்திருந்தார். அவர்கள் வேலைகளை எத்தல் படம் பிடிக்க, குமாரசாமி எழுதிய பெரிய நூல் 1908இல் வெளிவந்தது. பாறையின் படிக வடிவை அளந்து பழகிய கண்தான் பிறகு செப்புத் திருமேனிகளை அளந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1917இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார்.

பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலை எழுப்பிய இலங்கைத் தமிழர் வழிவந்தோரிடம் கேட்டால், அவரைக் கலை மேதை என்பார்கள். கனிமவியல் நூல்களில் அவர் பெயர் இந்த இரண்டு கற்களோடு நிற்கிறது. ஓய்வுக்குப் பின் இந்தியா திரும்ப எண்ணியிருந்தார். எழுபதாவது பிறந்தநாள் முடிந்து பதினெட்டாம் நாள், 1947 செப்டம்பர் 9 அன்று, மாசசூசெட்ஸ் நீதமில் காலமானார்.