வில்லியம் பேர்பேர்ன்

உழைப்பாலும் கல்வியாலும் உயர்ந்தோர் பலர். அவ்வுயர்வைப் பிறர் உயிர் காக்கப் பயன்படுத்தியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் வில்லியம் பேர்பேர்ன் ஆவார்.

இவர் 1789ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள கெல்சோ என்னும் ஊரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினைந்தாம் வயதில் வட இங்கிலாந்திலுள்ள நிலக்கரிச் சுரங்கமொன்றில் பொறித்தொழில் பயிலச் சேர்ந்தார். பகலெல்லாம் உழைத்தார், மாலையில், இன்ன நாளில் இன்ன பாடம் என வரையறுத்துக்கொண்டு, கணிதம் முதலியவற்றைத் தாமே கற்றார். 1817இல் மான்செஸ்டர் நகரில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து பொறிகள் செய்யும் தொழிலைத் தொடங்கி, நாளடைவில் பெரும்புகழ் எய்தினார்.

அக்காலத்தில் ஆலைகள் பல நீராவியால் இயங்கின. கொதிகலத்தின் உள்ளே இரும்புக் குழாய் ஒன்று செல்லும். குழாயினுள் நெருப்பு எரியும். அதனைச் சூழ்ந்து நீர் கொதிக்கும். நீராவியின் அழுத்தம் குழாயைப் புறத்தேயிருந்து நெருக்கும். அந்நெருக்கத்தைத் தாங்காது குழாய் நசுங்கித் தட்டையாகுமாயின், கொதிநீரும் ஆவியும் பீறிட்டு அருகிலுள்ள தொழிலாளரின் உயிரைக் குடிக்கும். இத்தகைய குழாய்கள் இரண்டு கொண்ட கொதிகலத்திற்கு 1844இல் காப்புரிமை பெற்றவர்களுள் பேர்பேர்னும் ஒருவர். ஆதலின், இவ்விடரை நீக்குதல் தம் கடன் என அவர் உணர்ந்தார்.

குழாய் எவ்வளவு அழுத்தத்தில் நசுங்கும்? அதன் நீளத்திற்கும் வலிமைக்கும் தொடர்பில்லை என்றே பலரும் எண்ணியிருந்தனர். பேர்பேர்ன் அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளவில்லை. பல அளவுள்ள தகட்டுக் குழாய்களைச் செய்தார். அவற்றை ஒவ்வொன்றாக வலிய வார்ப்பிரும்புக் கலத்துள் வைத்து மூடினார். குழாய் நசுங்கும்வரை கலத்தினுள் நீரை அழுத்திச் செலுத்தி, அழுத்தத்தின் அளவைக் குறித்தார். 1858இல் வெளியிட்ட முடிவு இது: நீளம் இருமடங்காயின் குழாய் தாங்கும் அழுத்தம் பாதியாகும், விட்டம் இருமடங்காயினும் அவ்வாறே. தகட்டின் தடிப்பு இருமடங்காயின், தாங்கும் ஆற்றல் நான்கு மடங்கினும் மிகும்.

இதனின்று எளிய வழியொன்று பிறந்தது. முப்பதடிக் குழாயைப் பத்தடிக்கு ஒன்றாக இரும்பு வளையமிட்டு இறுக்கினால், அது மூன்று குறுங்குழாய்களைப்போல் நின்று மும்மடங்கு அழுத்தம் தாங்கும். மிக நீண்ட குழாய்களுக்கு இவ்விதி முற்றும் பொருந்தாது எனப் பின்வந்த அறிஞர் கண்டனர். எனினும், வளையமிட்டு வலுவூட்டும் முறை நிலைபெற்றது.

1869இல் அரசு அவருக்குப் பாரனெட் என்னும் பட்டம் அளித்தது. 1874இல் அவர் மறைந்தார். பெரும்பொறிகள் பல செய்த அக்கைகள், ஒரு சிறு வளையத்தாலும் எண்ணற்றோர் உயிரைக் காத்தன.