டிவியில் சுழலும் பூமி உருண்டை: அதுக்கும் பரங்கிமலைக்கும் என்ன தொடர்பு? யார் இந்த லாம்டன்?

நிலநடுக்கம், புயல், விமான விபத்துனு எந்தச் செய்தி வந்தாலும் முதல்ல திரையில் வருவது பூமி உருண்டைதான். ஒரு சுற்று சுற்றி, ஆசியா, இந்தியா, தமிழ்நாடுனு நெருங்கி வந்து ஓர் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். மொத்தமே நாலு செகண்ட்.

இதைச் செய்வது ரொம்பக் கஷ்டம் இல்லை. அகலம் இரண்டு பங்கு, உயரம் ஒரு பங்கு இருக்கும் தட்டையான உலக வரைபடத்தை எடுத்து, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மாதிரி மென்பொருளில் உருண்டை மேல் போர்த்திவிடுவார்கள். சுழற்சிக்கு இரண்டு கீஃப்ரேம், ஓரத்தில் கொஞ்சம் நீல வெளிச்சம், உருண்டை ரெடி.

சிக்கல் ஜூமில்தான். 8,000 பிக்சல் அகலப் படத்தை எடுத்தாலும், நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சல் என்பது சுமார் 5 கிலோமீட்டர். பூந்தமல்லி பக்கம் இருக்கும் நூம்பல் ஊரே ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதனால் இன்னும் துல்லியமான படங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கேமரா கீழே இறங்க இறங்க மாற்றுவார்கள். இந்த அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரணும்னா, ஒவ்வொரு ஊரும் பூமியில் சரியாக எங்கே இருக்கிறது என்று முன்னாடியே யாராவது அளந்திருக்கணும், இல்லையா?

நம்ம ஊரில் அந்த வேலையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். தொடங்கிய இடம் பரங்கிமலை. நூம்பலில் இருந்து நேர்க்கோட்டில் 10 கிலோமீட்டர்கூட இல்லை.

சிப்பாய் டு சர்வேயர்

லாம்டன் பிறந்தது சுமார் 1753-ல், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில். பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்டார், யார்க்டவுனில் பிடிபட்டார். பிறகு பல வருடங்கள் கனடா பக்கம் வேலை. 1790-களின் பிற்பகுதியில் இந்தியா வந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். பதவி பெரிசா இல்லை, கணக்கு மட்டும் கையில் இருந்தது.

1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, தென்னிந்தியாவைக் குறுக்காக அளக்கணும்னு லாம்டன் ஒரு திட்டம் கொடுத்தார். கம்பெனிக்குத் தேவை வரி வசூலிக்கவும் படை நடத்தவும் ஒரு மேப். லாம்டனுக்கு அதைவிடப் பெரிய ஆசை: பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

57 நாள், 100 அடி சங்கிலி

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர் நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார்கள். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வாங்க மறுத்ததால் திரும்பி வந்த சங்கிலி அது!

அதை 400 தடவை எடுத்து எடுத்து வைக்கணும். சென்னை வெயிலில் எஃகு நீளும். 10 டிகிரி வித்தியாசத்துக்கு 100 அடிச் சங்கிலி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும், 400 தடவைக்கு ஒரு மீட்டரைத் தாண்டும். அதனால் சங்கிலியை மரப்பெட்டியில் கிடத்தி, நிழலுக்குத் துணி கட்டி, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார்கள். முடிய 57 நாள் ஆனது. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தப் பெட்டிகளையும் கூடாரங்களையும் தூக்கி நடந்த நம்மூர் ஆட்களின் பெயரை எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இந்த ஒரு கோடு தெரிந்தால் போதும். அதன் இரண்டு முனையிலிருந்தும் தூரத்துக் குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தில் இருந்து அடுத்த முக்கோணம். இப்படியே மங்களூர் வரை போனார். சென்னையில் இருந்து அங்கே 400 மைல் என்று பழைய மேப்கள் சொன்ன இடத்தில் வந்தது 360 மைல்தான். 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

கோணம் எடுக்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். இங்கிலாந்தில் இருந்து வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, பிறகு மரியாதையாக அனுப்பி வைக்கப்பட்டது. காவிரி டெல்டாவில் குன்று கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். ஆகவே கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது மோதி வளைந்துபோனது. மாற்றுக் கருவி கப்பலில் வர எத்தனை காலம் ஆகுமோ! லாம்டன் தானே உட்கார்ந்து, ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி அதைச் சரிசெய்தார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது.

கன்னியாகுமரி பக்கத்தில் இருந்து வடக்கே சுமார் 10 டிகிரி அட்சரேகை அளவுக்கு முக்கோணங்கள் நீண்டன. நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையும் குறித்தார். வடக்கே போகப் போக ஒரு டிகிரியின் நீளம் கூடியது. அப்படியென்றால் பூமி துருவங்களில் தட்டை.

எவ்வளவு தட்டை? இன்றைய கணக்குப்படி விட்டத்தில் சுமார் 43 கிலோமீட்டர் குறைவு, 298-ல் ஒரு பங்கு. திரையில் 500 பிக்சல் உருண்டை போட்டால் இரண்டு பிக்சல்கூட வராது. அதனால்தான் கிராஃபிக்ஸில் எல்லாரும் முழு உருண்டையாகவே போட்டுவிட்டுப் போகிறோம்.

கூடாரத்திலேயே முடிந்த வாழ்க்கை

1818-ல் இந்த வேலைக்கு மாபெரும் முக்கோண அளவை என்று பெயர் வந்தது. உதவிக்கு ஜார்ஜ் எவரெஸ்ட் வந்து சேர்ந்தார். நாக்பூர் நோக்கிப் போகும் வழியில், 1823 ஜனவரி 20 அன்று, இப்போதைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தார். வயது எழுபதை ஒட்டி. கல்லறையும் அங்கேதான். எவரெஸ்ட் அந்த வரிசையை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். 1865-ல் உலகின் உயரமான சிகரத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

இவர்களுடைய அளவுகளை வைத்து 1830-ல் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமி வடிவத்தின் மேல்தான் சர்வே ஆஃப் இந்தியா மேப்கள் நெடுங்காலம் வரையப்பட்டன. நம்ம செல்போன் ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு வடிவம். பழைய மேப்பில் இருந்து நூம்பலின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து அப்படியே புது உருண்டையில் வைத்தால், புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போய் உட்காரும். உருண்டை முழுசாகத் தெரியும்போது கண்ணுக்குப் படாது. தெரு வரைக்கும் ஜூம் ஆகும்போது பக்கத்துத் தெருவைக் காட்டும். மாற்றிக் கொடுக்க இலவச மென்பொருள் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை.