அச்சு நாடுகளை நம்பிய நேதாஜி

1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டுகளை வீசின. அவ்வாண்டிலேயே பர்மா ஜப்பானியர் வசமானதால் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசியும் நின்றுபோனது. உள்ளூர் நெல்லின் அருமையை நாடு உணர்ந்த காலம் அது. ஆகவே, இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளைவிக்கும் உருத்திரபுரம் போன்ற வன்னிக் கிராமங்களுக்கும் அந்த யுத்தம் அந்நியமான கதையல்ல. அன்று குண்டு வீசியவர்களையே துணையாகக் கொண்டு தன் தேசத்தை விடுவிக்க முனைந்தவர் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ்.

1897 ஜனவரி 23 ஆம் திகதி கட்டாக்கில் பிறந்த போஸ், இந்திய சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்தும் 1921 இல் அப்பதவியைத் துறந்தார். 1938 இலும் 1939 இலும் காங்கிரஸின் தலைவராகத் தெரிவான அவர், காந்தியடிகளுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் விலக நேர்ந்தது. 1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலில் இருந்தபோது, முஹம்மது ஸியாவுத்தீன் என்னும் காப்புறுதி முகவராக வேடமிட்டுத் தப்பி, காபூல், மொஸ்கோ ஊடாக ஏப்ரலில் பேர்லினை அடைந்தார்.

எதிரியின் எதிரி நண்பன் என்பதே அவரது கணக்கு. ஆனால் அச்சு நாடுகளின் கணக்கு வேறாக இருந்தது. 1940 செப்டெம்பரில் முத்தரப்பு உடன்படிக்கை செய்துகொண்ட ஜேர்மனியும் இத்தாலியும் ஜப்பானும், ஐரோப்பாவின் தலைமை முதலிருவருக்கு, கிழக்காசியாவின் தலைமை ஜப்பானுக்கு எனப் பிரித்துக்கொண்டன. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின் மீது படையெடுத்ததும், அவ்வழியே இந்தியாவுக்கு உதவி வரும் என்ற நம்பிக்கை தகர்ந்தது. 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தபோதும், இந்திய விடுதலையை ஆதரிக்கும் பிரகடனம் போஸுக்குக் கிட்டவில்லை. கிழக்கே செல்ல ஒரு நீர்மூழ்கிதான் கிடைத்தது.

1943 பெப்ரவரியில் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசனுடன் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அவர், இந்து சமுத்திரத்தில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்று, இந்திய தேசிய இராணுவத்தையும் புத்துயிர் பெறச் செய்தார். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரண்டுவந்தனர். கப்டன் லக்ஷ்மியின் தலைமையிலான ஜான்சிராணிப் படையிலும் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். ஷா நவாஸ் கான், ஸமான் கியானி போன்ற முஸ்லிம்கள் படைத் தளபதிகளாயினர். அதே ஆண்டு செப்டெம்பரில் போஸ், ரங்கூனில் கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஸபரின் அடக்கத்தலத்தில் மரியாதை செலுத்தினார்.

1943 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அமைந்தது. அதே மாதத்தில்தான் சயாம் - பர்மா ரயில் பாதையை ஜப்பானியர் முடித்தனர். அப்பாதைக்காக மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அந்தமான் தீவுகள் பெயரளவில் போஸின் அரசுக்கு வழங்கப்பட்டு, டிசம்பரில் அவர் அங்கு கொடியேற்றியபோதும், ஆட்சி ஜப்பானியக் கடற்படையிடமே இருந்தது. ஒரு மாதத்துக்குப் பின், 1944 ஜனவரி 30 ஆம் திகதி, உளவாளிகள் எனக் குற்றஞ்சாட்டி 44 இந்தியரை ஜப்பானியர் அங்கு சுட்டுக்கொன்றனர்.

1944 இல் இம்பால் மீது தொடுத்த போரிலும், பர்மாவைக் காப்பதே ஜப்பானின் முதல் நோக்கம். ஜூலையில் படைகள் பசியோடும் நோயோடும் பின்வாங்கின. 1945 ஓகஸ்ட் 18 ஆம் திகதி தாய்பேயில் நிகழ்ந்த விமான விபத்தின் பின் போஸ் உயிரிழந்தார். உடன் சென்ற ஹபீபுர் ரஹ்மான் உயிர் தப்பினார்.

அச்சு நாடுகளின் ஆயுதங்கள் சாதிக்காததை அவரது வீரர்கள் மீதான வழக்கு சாதித்தது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் ஒரு சீக்கியரும் ஒன்றாக நிறுத்தப்பட்டபோது இந்தியா முழுவதும் கொந்தளித்தது.

துருசின் திறப்பு பிறர் கையில் இருக்குமாயின் விதைப்பின் காலத்தை நாம் தீர்மானிக்க முடியாது என்பது உருத்திரபுரத்துக் கமக்காரர் அறிந்த உண்மை. வல்லரசுகளின் தயவும் அத்தகையதே. போஸ் தேடிச்சென்ற கூட்டணி அவரைக் கைவிட்டது. அவர் கட்டியெழுப்பிய, மதம் கடந்த தோழமையே நிலைத்தது. அயலில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் அவரது வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதனையே.