குதிரையிடம் பாடம் கேட்ட கேப்டன்

நூற்று இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் எந்தக் குதிரைப்படைப் பள்ளிக்குப் போயிருந்தாலும் இதே காட்சியைக் கண்டிருக்கலாம். வேலியைத் தாண்டக் குதிரை எழும்பும். மேலே இருக்கும் வீரரோ உடலைப் பின்னால் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி, கடிவாள வாரை இறுக்கிப் பிடிப்பார். முன்னங்கால்கள் பலவீனமானவை, ஆகவே எடையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பது அன்றைய பாடம். குருமார்கள் சொன்னார்கள், சீடர்கள் தலையாட்டினார்கள்.

குதிரையின் பாடுதான் திண்டாட்டம். தாண்டுவதற்குக் கழுத்தை நீட்டும்போது வாயிலுள்ள இரும்பு வெடுக்கென்று இழுபடும். வீரரின் முழு எடையும் இடுப்பில் விழும். பின்னங்கால்கள் வேலியில் இடிபடும். நாலு முறை இப்படி வலி கண்ட குதிரை, ஐந்தாம் முறை வேலியைப் பார்த்ததுமே நின்றுவிடும். அதற்குச் சண்டிக் குதிரை என்று பெயர், பிறகு சவுக்கடி.

இந்த வழக்கத்தை மாற்றியவர் பெடரிகோ காப்ரில்லி. இத்தாலியின் லிவோர்னோ துறைமுக நகரில் 1868 ஏப்ரல் 8-ஆம் நாள் பிறந்தவர். சிறுவயதிலேயே ராணுவப் பள்ளியில் சேர்ந்து, இருபதாவது வயதில் குதிரைப்படை அதிகாரியானார். பினெரோலோ குதிரைப்படைப் பள்ளியிலும், ரோமுக்கு அருகே டோர் டி குவிண்டோவிலும் பயிற்சி பெற்றார். அங்கும் கற்பித்தது பின்னால் சாயும் அந்தப் பழைய முறையையே.

காப்ரில்லி வேறொரு வாத்தியாரைத் தேடிக்கொண்டார். முதுகில் ஆளில்லாமல், இழுப்பாரும் இல்லாமல், குதிரை தானாகவே தாண்டும்போது என்ன செய்கிறது என்று உற்றுக் கவனித்தார். அது தலையைத் தாழ்த்திக் கழுத்தை முன்னே நீட்டுகிறது. முதுகை வில்லாக வளைக்கிறது. இறங்கும்போது முன்னங்கால்களே முதலில் தரையைத் தொடுகின்றன. பல தலைமுறையாகப் பலவீனம் என்று சொல்லிவந்த அதே கால்கள்தாம்!

அப்படியானால் மனிதன் செய்யவேண்டியது என்ன? குதிரைக்கு இடைஞ்சல் செய்யாமல் இருப்பதுதான். அங்கவடியின் வாரைக் குட்டையாக்கினார். இருக்கையைச் சேணத்திலிருந்து சற்றே தூக்கி, எடையை முழங்கால் வழியாகவும் குதிங்கால் வழியாகவும் இறங்கவிட்டார். உடல் முன்னே சாய்ந்து குதிரையோடு போகவேண்டும். கை, குதிரையின் வாயைப் பின்தொடர்ந்து முன்னே செல்லவேண்டும். பார்க்க எளிது, அன்றைய பெரியவர்களுக்கு இது பெருங்குற்றமாகப் பட்டது. பழைய அதிகாரிகள் சிரித்தார்கள், எதிர்த்தார்கள்.

இடையில் அவர் தென் இத்தாலியில் ஒரு படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார். மாற்றல் உத்தரவு வந்த குமாஸ்தா போல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் உட்காரவில்லை. அங்கிருந்த சாதாரணச் சிப்பாய்களுக்குத் தம் முறையைக் கற்றுக்கொடுத்தார். பிறவிச் சவாரிக்காரர்கள் அல்லாத அவர்களும் பயமின்றித் தாண்டினார்கள். குதிரைகளும் மறுப்பதைக் குறைத்துக்கொண்டன. முறைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

1901-இல் இத்தாலியக் குதிரைப்படை இதழில் தம் கருத்துகளை எழுதினார். அதிகம் எழுதியவர் அல்லர். சேணத்தில் உட்கார்ந்து காட்டுவதே அவருக்குப் பிடித்த பேச்சு. மறு ஆண்டு டூரின் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் மெலொப்போ என்ற குதிரையில் 2.08 மீட்டர் உயரம் தாண்டினார். ஆறடி ஆள் நிமிர்ந்து நின்றாலும் அவன் தலைக்கு மேலே தாண்டும் உயரம். அதன்பின் சிரிப்பு அடங்கியது. அவரையே பினெரோலோவுக்குப் பயிற்றுநராக அழைத்தார்கள். இத்தாலியக் குதிரைப்படை அவர் முறையை ஏற்றது.

ஆனால் காலம் அவருக்கு அதிகம் கிடைக்கவில்லை. 1907 டிசம்பரில் டூரினில், மெல்ல நடந்து சென்ற ஒரு குதிரையிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. டிசம்பர் 6-ஆம் நாள் காலமானார். வயது முப்பத்தொன்பதுதான். எத்தனையோ வேலிகளைத் தாண்டியவரின் உயிரை ஒரு சாதாரண நடைச் சவாரி கொண்டுபோயிற்று.

முறை மட்டும் நிற்கவில்லை. பல நாட்டு அதிகாரிகள் இத்தாலிக்கு வந்து கற்றுப் போனார்கள். ரஷ்யரான பால் ரோட்ஸியாங்கோ அதை அயர்லாந்து ராணுவத்துக்குக் கற்பித்தார். டோர் டி குவிண்டோவில் படித்த அமெரிக்கர் ஹாரி சேம்பர்லின், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தாண்டும் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றம் முதன்முதலாக இடம்பெற்றபோது நம் ரகுபீர் சிங் தங்கம் வென்றாரே, அவரைப் போன்றவர்கள் வேலி தாண்டும்போது முன்னே சாய்வதும் இந்த வழியில் வந்ததுதான்.

இன்று அவர் முறையால் அதிகம் பயன்பெறுவோர் மட்டக்குதிரை ஏறும் சிறுவர் சிறுமியரே. இங்கிலாந்தில் 1929-இல் இவர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது. பெரிய குதிரையைவிட மட்டக்குதிரையில் பிள்ளைகளுக்கு ஆபத்து ஒருவிதத்தில் கூடுதல். கழுத்து குட்டை, திடீரென்று நின்று தலையைத் தாழ்த்தினால் பிள்ளை சறுக்குமரத்தில் போவதுபோல் முன்னே போய்விடும். முன்னே சாயச் சொன்னார்களே என்று குழந்தை கழுத்தின் மேல் படுத்துக்கொள்வதும் உண்டு. காப்ரில்லி சொன்ன சாய்வு அதுவன்று. கீழ்க்கால் அசையாமல் உடலுக்கு நேர் கீழே நிற்கவேண்டும், குதிங்கால் தாழ்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் மேலுடல் சாய்ந்தாலும் ஆள் நிலைக்கும்.

ஆகவே நல்ல பயிற்றுநர் உயரத்தில் தொடங்குவதில்லை. தரையில் கிடத்திய கழிகளின் மேல் ஓட்ட நடையில் போகச் சொல்வார். பிறகு குறுக்காகச் சாத்திய இரண்டு கழிகள், முழங்கால் உயரம்கூட இராது. கை தடுமாறி வாயை இழுத்துவிடாமலிருக்க, மட்டக்குதிரையின் கழுத்தில் ஒரு தோல்வார் கட்டியிருக்கும். தாண்டும் கணத்தில் குழந்தை அந்த வாரைப் பிடித்துக்கொள்ளும். வார் இல்லாவிட்டால், ஒரு பிடி பிடரிமயிர்.