ஓவியத்தை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்த ரவி வர்மா!

இன்னைக்கு மொபைல்ல ஆர்டர் போட்டா, மாடர்ன் ஆர்ட் பிரின்ட் நாகர்கோவில் வீட்டுக்கே வந்துடும். 130 வருஷத்துக்கு முன்னாடி பெரிய ஓவியம்னா அரண்மனைச் சொத்து. அதை மாற்றியவர் ராஜா ரவி வர்மா.

1848இல் கிளிமானூரில் பிறந்தவர். நாஞ்சில் நாடும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் அரண்மனையில் ஓவியம் பழகினார். புகழ் பரவ, படம் கேட்பவர்கள் பெருகினார்கள். ஒருத்தர் கையால எத்தனை வரைய முடியும்? அச்சடிக்கலாமே என்று யோசனை சொன்னவர், முன்னாள் திவான் மாதவ ராவ்.

1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால் படம் ரெடி. இதுதான் ஓலியோகிராஃப். திருவிதாங்கூரில் 1936 வரை கோயிலுக்குள் விடப்படாத மக்களும், லட்சுமி, சரஸ்வதி படத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்ட முடிந்தது.

ஆனா வியாபாரம் கைகொடுக்கலை. பிளேக் நோய், கடன் என நெருக்கடி. கடைசியில் அச்சகத்தையும் படங்களை அச்சிடும் உரிமையையும் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஷ்லைஷரிடம் விற்றார். 1906இல் ரவி வர்மா மறைந்த பிறகும் அச்சகம் ஓடியது. லாபம் வேறு கைக்குப் போனது. காலண்டர் சரஸ்வதியின் முகத்தில் மட்டும் அவர் கைவண்ணம் இன்னும் இருக்கு.