இழை தேடிய ஸ்வான்

குண்டு பல்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று வைவாவில் கேட்டால் வாய் தன்னால் எடிசன் என்று சொல்லிவிடும். நண்பர்களே, ஜோசப் ஸ்வான் என்றொரு மனிதரும் இருந்தார்!

1828-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சன்டர்லாந்தில் பிறந்தவர். மருந்துக்கடையில் எடுபிடியாகத் தொழில் பழகி, பிறகு நியூகாசிலில் மாசன் என்பவரின் மருந்துக்கடையில் சேர்ந்து பங்குதாரரும் ஆனார். கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது. கடை வேலை முடிந்த நேரம்தான் ஆராய்ச்சி நேரம்.

1860 வாக்கிலேயே கரியாக்கிய காகிதப் பட்டையைக் கண்ணாடிக்குள் வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். எரிந்தது, உடனே போய்விட்டது. உள்ளே காற்று மிச்சமிருந்தால் கரி என்ன செய்யும்? 1865-இல் ஸ்பிரெங்கல் பாதரசப் பம்ப் வந்த பிறகுதான் நல்ல வெற்றிடம் கிடைத்தது. 1879 பிப்ரவரியில் நியூகாசிலில் ஒரு பெரிய கூட்டத்துக்கு விளக்கைக் காட்டினார். ஆனால் பேட்டன்ட் விஷயத்தில் மனிதர் மந்தம், எடிசன் முந்திக்கொண்டார். கடைசியில் வழக்கு வேண்டாம் என்று இருவரும் 1883-இல் ஒரே கம்பெனியாகச் சேர்ந்தார்கள்.

இனிதான் நம்ம சப்ஜெக்ட். இழை ஒரே சீராக இல்லாவிட்டால் மெலிந்த இடம் அதிகம் சூடாகி அங்கேயே அறுந்துபோகும். இதற்கு அமெரிக்காவில் சாயர், மேன் இருவரும் ஒரு வழி கண்டார்கள். இழையை ஹைட்ரோகார்பன் ஆவிக்குள் வைத்துக் கரண்ட் கொடுத்தால், எங்கே மெலிவோ அங்கே சூடு அதிகம். சூட்டில் ஆவி சிதைந்து கரி அங்கேயே படியும். நோய் எதுவோ அதுவே மருந்து, பாருங்களேன்! சூடு படும் இடத்தில் மட்டும் ஆவி படியும் என்ற இந்தச் சங்கதியைத்தான் பின்னாளில் லேசர்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். லேசரை ஒரு புள்ளியில் குவித்தால் வாயு அங்கே மட்டும் திடப்பொருளாகும். அது வளர வளரக் குவியத்தைப் பின்னே நகர்த்தினால் முனையிலிருந்து இழை நீண்டுகொண்டே போகும். அச்சும் வேண்டாம், உலையும் வேண்டாம். 1972-லேயே கார்பன் டை ஆக்சைடு லேசரால் இப்படி மெல்லிய கரிக்கம்பிகளை வளர்த்துவிட்டார்கள். இன்று போரான், சிலிக்கான் கார்பைடு இழைகளையும் இதே வழியில் வளர்க்க முடிகிறது.

ஸ்வான் போன வழி வேறு. நைட்ரோசெல்லுலோஸை அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, நுண்ணிய துளை வழியாக ஆல்கஹாலுக்குள் பீய்ச்சினார். நம்ம ஊர் இடியாப்பம் பிழிகிற மாதிரிதான்! நீண்ட, சீரான நூல் வந்தது. அதிலிருந்து நைட்ரேட்டை நீக்கிக் கரியாக்கினால் பல்புக்கு இழை தயார். 1883-இல் இதற்குப் பேட்டன்ட் எடுத்துவிட்டார். பட்டது போதும் போல. மிச்ச நூலில் அவர் மனைவி ஹன்னா பின்னிய துணிகள் 1885 லண்டன் கண்காட்சியில் இருந்தன. செயற்கைப் பட்டு கையிலேயே இருந்தது. ஆனால் அவர் கவனமெல்லாம் பல்பில்! அந்தத் தொழிலைப் பிரான்சின் ஷார்டோனே கொண்டுபோனார்.

1904-இல் சர் பட்டம் கிடைத்தது. 1914 மே 27-இல் ஸ்வான் காலமானபோது, பல்புக்குள் டங்ஸ்டன் இழை ஏற்கெனவே குடியேறியிருந்தது.