ஹைன்ரிக் ஷூட்ஸ்

ஹைன்ரிக் ஷூட்ஸ் (1585 - நவம்பர் 6, 1672) ஜெர்மானிய இசையமைப்பாளர் ஆவார். லூத்தரன் திருச்சபையின் பரோக் காலச் சேர்ந்திசைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். யோஹான் செபாஸ்தியன் பாக் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர். இவரது ஆக்கங்களுள் ஏறத்தாழ 500 கிடைத்துள்ளன.

இளமையும் கல்வியும்

ஷூட்ஸ் கோஸ்ட்ரிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். பின்னர் இவரது குடும்பம் வைசன்ஃபெல்ஸ் நகரில் குடியேறியது. அங்கு தந்தை விடுதி நடத்திவந்தார். 1598 இல் அவ்விடுதியில் தங்கிய ஹெஸ்ஸன்-காசெல் சிற்றரசர் மோரிட்ஸ், சிறுவனின் பாடலைக் கேட்டு, அடுத்த ஆண்டு தமது அரண்மனைப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார். பிற்பாடு சட்டம் பயின்றுவந்த ஷூட்சை, அவரே பொருளுதவி அளித்து 1609 இல் வெனிசுக்கு அனுப்பினார். அங்கு ஜொவான்னி கப்ரியேலியிடம் இசை பயின்றார். பல பாடகர் குழுக்களைத் தேவாலயத்தின் வெவ்வேறு இடங்களில் நிறுத்தி, ஒன்றுக்கொன்று விடையளிப்பதுபோல் பாடவைப்பது வெனிசு மரபாகும்.

டிரெஸ்டன் அரசவை

நாடு திரும்பிய பின், 1615 முதல் டிரெஸ்டனில் சாக்சனி அரசவையில் பணியாற்றினார். 1619 இல் வெளியிட்ட 'தாவீதின் சங்கீதங்கள்' தொகுப்பில், லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு வெனிசு முறையில் இசையமைத்தார். மனைவி மக்டலேனா 1625 இல் இறந்தார். ஷூட்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

போர்க்காலம்

முப்பதாண்டுப் போரில் (1618 - 1648) சாக்சனி 1631 இல் இறங்கியது. அரசவைக் கலைஞர்களுக்கு ஊதியம் நின்றது, இசைக்குழு சிதைந்தது. பெருங்குழுக்களுக்கு எழுதிவந்த ஷூட்ஸ், 1636, 1639 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட 'சிறு ஆன்மிகக் கச்சேரிகள்' தொகுப்புகளை ஒன்று முதல் ஐந்து குரல்களுக்கும் ஆர்கன் போன்ற துணைக்கருவிக்கும் மட்டுமே அமைத்தார். குரல்கள் குறைந்ததால் வேத வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக ஒலித்தது. பற்றாக்குறையால் நேர்ந்த இம்மாற்றமே இவரது இசையின் தனிச்சிறப்பாயிற்று.

போருக்குப் பின்னரும் வறுமை நீடித்தது. பாடகர் ஒருவர் தம் உடைகளை அடகு வைத்ததைச் சுட்டிக்காட்டி, கலைஞர்களின் ஊதியத்துக்காக அரசவைக்கு விண்ணப்பித்தார். 1645 முதல் பலமுறை ஓய்வு கோரியும், ஆட்சியாளர் முதலாம் யோஹான் கியோர்க் இறந்த பின், 1657 இல்தான் பணிச்சுமையிலிருந்து விடுபட்டார்.

இறுதிக்காலம்

எண்பது வயதை ஒட்டி, மத்தேயு, லூக்கா, யோவான் நற்செய்திகளின்படி கிறிஸ்துவின் பாடுகளுக்கு இசைக்கருவிகள் இன்றிக் குரல்களுக்கு மட்டும் இசையமைத்தார். 119 ஆம் சங்கீதத்துக்கான இசையை 1671 இல் நிறைவு செய்தார். மறு ஆண்டு டிரெஸ்டனில் காலமானார். இவர் அடக்கம் செய்யப்பட்ட பழைய ஃபிராவன்கிர்க்கே தேவாலயம் 18 ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டதால் கல்லறை அழிந்துபோனது.